ஒரு சர்வர் தனிக்குடித்தனம் போன கதை

பனிச்சரிவை யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் எங்கள் அரசாங்கம் அதற்கென்று ஒரு தலைமையகம் வைத்தது. தலைநகர் பிஷ்கெக்கில் நான்கு மாடி, முன்வாசலில் ஆறு தூண், உள்ளே இருநூற்றுப் பதினான்கு பேர். இந்த இருநூற்றுப் பதினான்கில் பனியைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். நான் அங்கே முப்பத்தோரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதினேன். என் ஓய்வூதியத்தில் யாரும் கைவைக்க முடியாது என்று வக்கீல் இரண்டு முறை சத்தியம் செய்த பிறகு இதை எழுதுகிறேன்.

அந்த இருநூற்றுப் பதினான்கு பேரின் மூளையும் ஒரே சர்வருக்குள் இருந்தது. இடம் நிறைய மிச்சம் இருந்தது.

அதில் ஐந்து சேவைகள் ஓடின. ஒன்று இயக்குநரின் வாழ்த்துப் பக்கம். இரண்டு சம்பளம். மூன்று கேன்டீனில் இன்று என்ன என்னும் பட்டியல். நான்கு கடிதப் பதிவேடு. ஐந்தாவதுதான் பனிச்சரிவு எச்சரிக்கை. தொகுஸ்-பெல் கணவாயில் நட்டு வைத்திருக்கும் ஒன்பது கம்பங்கள் பனியின் கனத்தையும் அசைவையும் அளந்து அனுப்பும். அளவு மீறினால் கணவாய்ச் சாவடியில் மணியடிக்கும். அங்கே காவல் இருக்கும் கச்கின் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கட்டையை இறக்குவார். நிறுவனம் இருப்பதே அந்த மணிக்காகத்தான் என்று ஒரு பழைய சட்டத்தில் இருக்கிறது. அதை நிறுவனத்தில் யாரும் படித்ததில்லை.

மார்ச் எட்டு, பெண்கள் தினம். இயக்குநர் ஷாமிர்கான் பெய்ஷேனோவிச் வாழ்த்துப் பக்கத்தில் தன் படத்தைப் போட்டு, படத்தின் மேல் நாலாயிரம் ரோஜாப்பூ விழும்படி செய்திருந்தார். எல்லாரும் பகல் பன்னிரண்டுக்குள் பார்த்து ‘நெகிழ்ந்தேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை. இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் நெகிழ்ந்தார்கள். சர்வர் நாற்பத்தேழு நிமிடம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

அந்த நாற்பத்தேழு நிமிடத்துக்குள்தான் தொகுஸ்-பெல்லில் பனி இறங்கியது. மணி அடிக்கவில்லை. நல்ல வேளை, சாலையில் அப்போது வண்டி எதுவும் இல்லை. சாவடிக்குப் பின்னால் இருந்த கழிப்பறையைப் பனி அப்படியே வழித்துக்கொண்டு போனது. கச்கின் அப்போதுதான் அதிலிருந்து வெளியே வந்து அரைக்கச்சையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள நிறுவனத்தில் இருந்தது ஒரே ஆள், சல்கின் என்ற முப்பத்து நான்கு வயதுப் பெண். கச்கின் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“ஏண்டி சல்கின், உங்க மணி எங்கடி?”

“மாமா! உசுரோட இருக்கீங்களா? சர்வர் மாட்டிக்கிச்சு மாமா. டைரக்டர் ரோஜாப்பூ போட்டாரு.”

“யாருக்கு?”

“எல்லாப் பொம்பளைங்களுக்கும்.”

“என் மலர்வளையத்துக்கு நாலு பூ மிச்சம் இருக்கான்னு கேளு. என் கக்கூஸ் ஆத்தோட போயிட்டிருக்கு.”

சல்கின் சிரிக்கவில்லை. அன்றே ஒரு பக்கத்துக்கு மனு எழுதினாள். ஒரு சர்வருக்குள்ளேயே தடுப்புச் சுவர் வைத்த மாதிரி தனித்தனி மெய்நிகர் கணினிகள் உருவாக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றது விழாது. எச்சரிக்கைச் சேவையை மட்டும் அப்படி ஒரு தனி அறைக்கு மாற்ற அனுமதி வேண்டும். செலவு கிடையாது. வேலை நாற்பது நிமிடம்.

‘செலவு கிடையாது’ என்று எழுதியதுதான் அவள் செய்த முதல் தவறு. செலவில்லாத காரியத்தை எங்கள் நிறுவனத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஷாமிர்கான் பெய்ஷேனோவிச் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு முழு அவையில் பேசினார். நான் எழுதிய குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன்:

“தனின்னு ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நெஞ்சை அடைக்குது. நம்ம முன்னோர் நாப்பது குலமும் ஒரே கொடிக்குக் கீழ நின்னாங்க. அஞ்சு சேவை ஒரு சர்வர்ல நிக்க முடியாதா? என்னையே எடுத்துக்கங்க. எனக்கு ரெண்டு வீடு இருக்கு, ரெண்டு ஊர்ல. ரெண்டு வீட்லயும் நான் ஒரே மனுஷனாத்தான் இருக்கேன். ஆனா நான் முடிவு எதையும் தனியா எடுக்கறவன் இல்ல. தனியா எடுத்தா பொறுப்பும் தனியா வந்துருது. அதனால ஒரு குழு போடறேன்.”

பலத்த கைதட்டல் என்று குறித்திருக்கிறேன். உண்மையில் கைதட்டியது ஒருவர். ஆனால் பலமாகத் தட்டினார்.

இப்படியாகத் தனிக்குடித்தனப் பரிசீலனைக் குழு பிறந்தது. உறுப்பினர் பதினோரு பேர். தலைவி, சடங்கு முறைப் பிரிவின் புருல்ச்சா எஜே; எஜே என்றால் எங்கள் பேச்சில் அக்கா. சல்கினுக்கு அதில் இடமில்லை. விஷயம் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று காரணம் எழுதினார்கள்.

முதல் கூட்டம் மூன்று வாரம் நடக்கவில்லை. காரணம் மிக எளிது. எங்கள் வழக்கப்படி வாசலுக்கு நேர் எதிரே இருப்பது மரியாதைக்குரிய இடம். தலைவர் அங்கே உட்கார வேண்டும், மற்றவர்கள் வயதுக்கும் பதவிக்கும் தக்கபடி வாசல் நோக்கி இறங்கி வர வேண்டும். ஆனால் கூட்ட அறைக்கு இரண்டு வாசல், எதிரெதிராக. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு வாசலுக்கு நேரே மரியாதை, இன்னொரு வாசலோரம் அவமானம். புருல்ச்சா எஜே இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்றுகொண்டே கூட்டத்தை ஒத்திவைத்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்தது சர்வர் அறைக்குப் போகும் வாசல். அன்றிலிருந்து சல்கின் கேன்டீன் சமையலறை வழியாக, ஆட்டுத்தலை வேகும் அண்டாவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இரண்டாம் கூட்டத்தில் பாதுகாப்புப் பிரிவு மக்சூத் பைக்கே, அதாவது மக்சூத் அண்ணன், நேரில் பார்க்க வேண்டும் என்றார். பதினோரு பேரும் செருப்புக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, அண்டாவைச் சுற்றி, சர்வர் அறைக்குள் போனார்கள். மக்சூத் பைக்கே இரும்பு அலமாரியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

“எங்கம்மா அது?”

“எது பைக்கே?”

“நீ சொன்ன தனிக் கணினி.”

“இன்னும் செய்யல பைக்கே. செஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படி முத்திரை வெச்சுப் பூட்டறது? முப்பது வருஷமா பூட்டிட்டு இருக்கேன். பூட்ட முடியாத பொருள் ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

தீயணைப்பு ஆய்வாளர் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். “தனிக் குடியிருப்புன்னா தனி வெளியேறும் வழி வேணும். தீயணைப்பான் வேணும்.”

“அது எரியாதுங்க.”

“எரியாதுன்னு சான்றிதழ் இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப சான்றிதழ் வாங்கணும். அதுக்கு ஒண்ணை எரிச்சுப் பாக்கணும்.”

“இல்லாததை எப்படிங்க எரிக்கறது?”

“இல்லாததுக்கு எதுக்கும்மா அனுமதி கேட்ட?” என்றார் ஆய்வாளர். குழு முழுவதும் தலையாட்டியது. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது. அதைச் சொன்ன சந்தோஷத்தில் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டார். போகும் முன் சர்வர் அறையில் ஐந்து தீயணைப்பான்களை நிறுத்தச் சொன்னார். குளிர்காற்று வரும் துளைக்கு முன்னால்தான் இடம் இருந்தது. அங்கேயே நிறுத்தினார்கள். சர்வர் வியர்க்க ஆரம்பித்தது.

கோடை போனது. இலையுதிர்ந்தது. சல்கின் வாரம் ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் போட்டாள். அந்தக் கடிதங்களால் கடிதப் பதிவேடு பெருத்து, சர்வர் மேலும் மெதுவானது. அதற்காக அவளுக்கு ஒரு கண்டனம் வந்தது.

நவம்பரில் கணவாயில் முதல் பனி விழுந்தது. அன்றைக்கு சல்கின் குழு அறைக்குள் அழைப்பில்லாமல் நுழைந்துவிட்டாள்.

“எஜே, என் மாமா அந்தச் சரிவுக்கு அடியில உக்காந்திருக்காரு. நாலு பஸ்ஸு தினம் போகுது அந்த வழியா. ஆமாவா இல்லையா, ஏதோ ஒண்ணு சொல்லுங்க.”

புருல்ச்சா எஜே கண்ணாடியைக் கழற்றினார். “பதறாதே பொண்ணே. முடிவு ஆயிடுச்சு. தனிக்குடித்தனத்துக்கு அனுமதி.”

சல்கின் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன். முப்பத்தோரு வருட அனுபவம் என்ன பயன்?

“ஆனா முறைப்படி” என்றார் எஜே. “நம்ம வழக்கம் என்ன? மூத்த பசங்க கல்யாணம் ஆனா, பங்கை வாங்கிட்டுத் தனியா கூடாரம் போட்டுப் போவாங்க. கடைக்குட்டி? கடைக்குட்டி அப்பன் வீட்டோட இருப்பான். அப்பன் ஆத்தாளைப் பாத்துக்குவான். அடுப்பு அவனுக்கு. இந்த அஞ்சுல எது எப்பப் பொறந்துச்சுன்னு பதிவேட்டுல பாத்தோம். வாழ்த்துப் பக்கம் மூத்தது. எச்சரிக்கைதான் கடைசி. ஆக மூத்த நாலும் தனித்தனி மெய்நிகர் கணினிக்குப் போகுது. எச்சரிக்கை பழைய வீட்லயே இருக்கும்.”

சல்கின் மேசைக்கு முன்னால் வந்தாள். “எஜே, நான் கேட்டது அது ஒண்ணை மட்டும்தானே மாத்தணும்னு?”

“அதான் பாரு, நீ ஒண்ணு கேட்ட, நாங்க நாலு கொடுத்திருக்கோம்.”

“பழைய வீட்ல அப்பன் ஆத்தா யாரு எஜே?”

“1994லேர்ந்து எல்லா இயக்குநர்களோட வாழ்த்துச் செய்தி ஆவணக் காப்பகம். வயசானது. தனியா விட முடியுமா? கடைக்குட்டிதான் பாத்துக்கணும்.”

மக்சூத் பைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்குட்டி அவர். கிராமத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள அண்ணனை அமர்த்திவிட்டு பிஷ்கெக்குக்கு வந்தவர்.

தனிக்குடித்தனம் என்றால் விருந்து இல்லாமலா? கேன்டீன் தலைவி அனார்கான் ஒரு செம்மறியை அறுத்தாள். ஆட்டின் ஒவ்வொரு எலும்பும் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு எங்களிடம் கணக்கு உண்டு. இடுப்பெலும்பு பெரியவருக்கு, அதற்கடுத்தது அடுத்தவருக்கு, இப்படியே இறங்கி வரும். சர்வரின் நினைவகத்தையும் அதே முறையில் அதே மேசையில் பிரித்தார்கள். மொத்தம் அறுபத்து நான்கு பங்கு. இடுப்பெலும்பு இயக்குநருக்கு வந்ததால் வாழ்த்துப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு. சம்பளத்துக்குப் பதினாறு. கடிதப் பதிவேட்டுக்கு எட்டு. ஆட்டை அறுத்தவள் என்ற மரியாதையில் கேன்டீன் பட்டியலுக்கு ஆறு. பழைய வீட்டுக்கு, அதாவது காப்பகமும் எச்சரிக்கையும் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு, இரண்டு.

“நாலு கொடுங்க எஜே. நாலே நாலு. ரெண்டுல அது மூச்சு விடாது.”

“கழுத்தெலும்பு கிடைச்சவ தொடையைக் கேக்கக் கூடாது. தின்னு பொண்ணே, ஆறுது.”

அன்று மாலை அவள் மாமனிடம் போனில் பேசியதைக் கேட்டேன்.

“மாமா, வேலையை விட்டுட்டுக் கீழ வந்துருங்க.”

“நான் வந்துட்டா கட்டையை யாருடி இறக்கறது? உங்க டைரக்டரா? அவன் பேண்ட்டைக் கூட அவன் டிரைவர்தான் இறக்கி விடறான்னு பஸ்காரன் சொல்றான்.”

மறுநாள் சனிக்கிழமை. பகல் பத்து மணிக்கு சல்கின் அண்டாவைச் சுற்றி உள்ளே போனாள், பத்து நாற்பதுக்கு வெளியே வந்தாள். வாழ்த்துப் பக்கத்தின் முப்பத்திரண்டில் ஆறை உருவி, ஐந்தாவதாக ஒரு மெய்நிகர் கணினி செய்து, எச்சரிக்கைச் சேவையை அப்படியே நகலெடுத்து அதற்குள் குடியேற்றிவிட்டாள். பழைய வீட்டில் இருந்த எச்சரிக்கையையும் தொடவில்லை, குழு வந்து எண்ணிப் பார்க்கும் என்று. புதியதற்குப் பெயர் கொடுக்க வேண்டுமே? ‘உப்பு’ என்று வைத்தாள்.

திங்கட்கிழமை குழு வந்து எண்ணியது. ஒன்று கூடுதலாக இருந்தது.

“இந்த உப்பு யாருது?” என்றார் மக்சூத் பைக்கே.

“உப்பு வேற யாருதா இருக்கும்? என்னுதுதான்” என்றாள் அனார்கான், ஒரு நொடி யோசிக்காமல். தனக்கு மட்டும் இரண்டு கணினி கிடைத்ததை அவள் வாரக்கணக்கில் மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இயக்குநரோ ரோஜாப்பூ முன்னைவிட மெதுவாக விழுவதைக் கவனித்து, “இப்பத்தான் கம்பீரமா விழுது” என்று பாராட்டினார்.

ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, ஷாமிர்கான் பெய்ஷேனோவிச் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குத் தலைமை விருந்தாளியாகக் கிளம்பினார். மூன்று கறுப்பு ஜீப். முதல் ஜீப்பில் அவர். இரண்டாவதில் பரிசாகக் கொடுக்கக் கம்பளம். மூன்றாவதில் அவர் பேசப் போவதைக் குறித்துக்கொள்ள நானும், வாழ்த்துப் பாட ஒருவரும்.

பதினொன்று ஐம்பதுக்குத் தொகுஸ்-பெல் சாவடியை அடைந்தோம். தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. கட்டைக்கு இந்தப் பக்கம் சாலையோரமாக இரண்டு பஸ்ஸும் ஒரு குதிரை லாரியும் நின்றன. கச்கின் கம்பளித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டையின் மேல் சாய்ந்திருந்தார்.

இயக்குநர் கண்ணாடியை இறக்கினார். “தூக்கு.”

“மணி அடிச்சிருச்சுங்க. இருபது நிமிஷம் ஆச்சு.”

“யாருன்னு தெரியுதா?”

“தெரியுதுங்க. ரோஜாப்பூ.”

இயக்குநர் தலைமையகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் புருல்ச்சா எஜே. ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. “நம்ம எச்சரிக்கை எதுவும் சொல்லலையே, ஷாமிர்கான் பெய்ஷேனோவிச். காலையில உங்க பிறந்தநாள் மலருக்காகக் காப்பகத்தைத் திறந்தோம். அதுலேர்ந்து பழைய வீடு அப்படியே உறைஞ்சு கிடக்கு. அங்கேர்ந்து மணி அடிச்சிருக்கவே முடியாது.”

“கேட்டியா?” என்றார் இயக்குநர். “மணி அடிக்கல.”

“அடிச்சதுங்க. இந்தக் காதாலதான் கேட்டேன்.”

“என் அலுவலகம் அடிக்கலைன்னு சொல்லுது. உன் காது பெருசா, என் அலுவலகம் பெருசா?”

கச்கின் ஒரு சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பினார். “உங்க அலுவலகம்தான் பெருசு. ஆனா அது பிஷ்கெக்ல இருக்கு. என் காது இங்க இருக்கு.”

“கட்டையைத் தூக்கு! உன் வேலை போயிரும்!”

“போவட்டும். நீங்களே தூக்கிக்கங்க. கனமில்ல.”

இயக்குநர் இறங்கினார். பளபளக்கும் காலணியோடு பனியில் நான்கடி நடந்தார். கட்டையின் மேல் ஒரு கையை வைத்தார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன், பழக்கதோஷம். எதிரே மலை தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் எழுப்பியது. அவ்வளவுதான். கட்டைக்கு அந்தப் பக்கம் நூறடி தள்ளி இருந்த சாலை, இருந்த இடத்தில் இல்லை. பனிப்புழுதி எழுந்து வந்து எங்களை மூடியது. அது அடங்கியபோது ஷாமிர்கான் பெய்ஷேனோவிச் தலை முதல் கால் வரை வெள்ளையாக, கட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். குதிரை லாரியில் ஒரு குதிரை கனைத்தது. பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை, “இன்னொரு தடவை!” என்று கத்தியது.

இயக்குநர் வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தையைக் குறித்து வைத்திருக்கிறேன். “இதுக்கு யார் அனுமதி கொடுத்தது?”

பனியைச் சொல்கிறார் என்று நினைத்தோம். மணியைச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை விசாரணை. மணி எங்கிருந்து அடித்தது என்று தோண்டினார்கள். உப்பு வெளியே வந்தது. அனார்கான், “ஐயோ, அது என்னுது இல்ல, என் உப்பு டப்பாவுல இருக்கு” என்று அழுதாள். சல்கின் மறைக்கவில்லை. “நான்தான் செஞ்சேன். நாப்பது நிமிஷம் ஆச்சு” என்றாள்.

இயக்குநர் மேசையைத் தட்டினார். “உயிர் பிழைச்சது பெரிய விஷயம் இல்ல. உயிர் யாருக்கும் பிழைக்கும். முறை பிழைக்கணும். குழு கடைக்குட்டி வீட்டோட இருக்கணும்னு சொல்லியிருக்கு. நீ அதைத் திருட்டுத்தனமா தனிக்குடித்தனம் அனுப்பியிருக்க. இன்னிக்கே அதை அழிச்சிரு.”

“அழிச்சிர்றேன்” என்றாள் சல்கின். “எழுத்துல கொடுங்க.”

உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். ‘பனிச்சரிவு எச்சரிக்கைக்கென இயங்கும் தனி மெய்நிகர் கணினியை உடனே அழிக்குமாறு உத்தரவிடுகிறேன். இதனால் ஏற்படும் விளைவுகளுக்கு நானே முழுப் பொறுப்பு.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

இயக்குநர் பேனாவைத் திறந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

“இந்தக் கடைசி வரி எதுக்கு?”

“படிவத்துலயே இருக்குங்க” என்றேன். “கீழ இருக்கறவங்க தப்பிச்சிரக் கூடாதுன்னு நீங்கதான் சேக்கச் சொன்னீங்க.”

“எடுத்திரு.”

“படிவத்தை மாத்தணும்னா அதுக்கு ஒரு உத்தரவு வேணுங்க. அந்த உத்தரவுலயும் கடைசி வரி இருக்கும்.”

சல்கின் கைகட்டி நின்றாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. ஷாமிர்கான் பெய்ஷேனோவிச் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“அவசரப்பட வேண்டாம்” என்றார். “குழுவுக்கு அனுப்புவோம்.”

குழு கூடியது. இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று நாற்பத்திரண்டாவது கூட்டம். அதில் தேநீர் எந்தப் பக்கமிருந்து பரிமாறத் தொடங்குவது என்பதுவரை வந்திருந்தார்கள். முடிவு வரும்வரை உப்பைக் குழு ‘சட்டப்படி இல்லாதது’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. இல்லாததால் அதை யாரும் அழிக்கவும் முடியவில்லை. இயக்குநர் இப்போதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் விமானத்தில்தான் போகிறார்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மணி கேட்டு கச்கின் பதினேழு முறை கட்டையை இறக்கினார். யாரும் சாகவில்லை. பதினேழும் சட்டவிரோதம்.